மாங்கொட்டைக் கரியும் பலகையின் முதல் வரியும்

2007 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை, ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வாசலில் ஒரு பலகை மாட்டப்பட்டது. ‘மாங்கொட்டைக் கரி வடிகட்டி’ என்று பெரிய எழுத்திலும், அதன்கீழ் ‘விமல்ராஜ், ஆபரேட்டர்’ என்று சற்றே சிறிய எழுத்திலும் அதில் எழுதியிருந்தது. மூன்றாவது வரி இல்லை. அந்தக் கரியைச் சுட்டு, கழுவி, வடிகட்டியில் முதன்முதலாக நிரப்பிய பரமசிவத்தின் பெயர் பலகையில் எங்கும் இல்லை. குற்றச்சாட்டு இதுதான். மற்றவை யாவும் இதற்கான விளக்கம்.

பரமசிவம் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஓசூருக்கு வேலை தேடி வந்து, அதே நிலையத்தில் பம்பு ஓட்டுபவராகச் சேர்ந்து, ஆபரேட்டராக உயர்ந்தவர். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஆங்கிலப் பாடநூல்களை அகராதி வைத்துப் படித்தே தண்ணீரின் குணங்களைக் கற்றார். எந்தக் காகிதத்தையும் கிழிக்கமாட்டார். பால்காரர் தரும் துண்டுச் சீட்டுக்கும் அவர் வீட்டில் ஓர் உறை உண்டு.

தொழிற்சாலையில் காசநோய்க்கு ஒரு மருந்து செய்தார்கள். அந்தப் பிரிவின் இயந்திரங்களைக் கழுவிய தண்ணீர் செம்பருத்திச் சாறு போலச் சிவந்து வரும். நோய்க்கிருமியைக் கொல்லப் பிறந்த மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி தெரியாது. கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் கிருமிகள் வாழும் தொட்டிக்குள் அது போன நாளெல்லாம் தொட்டி செத்து நாறியது. ஆகவே மருந்தை முன்பே பிரித்தாக வேண்டும். அதற்கான கரி வெளியூரிலிருந்து மூட்டையாக வந்தது. விலை அதிகம் என்று நிர்வாகம் அதைச் சந்தனம் போலக் கிள்ளிக் கொடுத்தது.

கிருஷ்ணகிரி போகும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்திருந்தபோதுதான், மாம்பழக் கூழ் ஆலைகளின் பின்புறம் மலைபோல் குவிந்திருந்த கொட்டைகளைப் பரமசிவம் பார்த்தார். கொட்டையின் ஓட்டைக் காயவைத்து, மூடிய இரும்பு டிரம்மில் காற்று அதிகம் புகாமல் சுட்டால், சாம்பலாகாமல் கரியாகும். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கும். தண்ணீர் கடந்து போகும்போது மருந்து அவற்றின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை கரியைச் சரியாகக் கழுவாமல் விட்டதில், சிவப்பாகப் போன தண்ணீர் கஷாய நிறத்தில் வெளியே வந்தது. இரண்டு மாதம் போராடினார். பிறகு ஒருநாள் மேலே சிவப்பை ஊற்ற, கீழே குழாயில் நிறமில்லாத தண்ணீர் விழுந்தது. அதைப் பார்க்க அன்று பக்கத்தில் யாரும் இல்லை. அவருடைய துன்பம் அங்கேதான் தொடங்கியது.

விமல்ராஜ் அடுத்த ஷிப்டு ஆபரேட்டர். கெலவரப்பள்ளிக் கால்வாய்ப் பக்கத்து ஊர். பேச்சைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் திருப்பிக் கன்னடத்தில் முடிப்பான். கேன்டீனில் அவன் தட்டில் மட்டும் வடை இரண்டாக விழும். பெங்களூரில் வளர்ந்த மேலாளர் ரத்தினவேல் அவனிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று பரமசிவம் உறுதியாக நம்பினார். பேருந்து நிலையத்தில் கன்னடம் கற்றுத்தரும் சிறுநூல் வாங்கி, ஆறு மாதம் படித்து, ஒருநாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ராயக்கோட்டையில் தக்காளி என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை என்று தெரிந்தபோது வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை, ஷிப்டு மாறும் நேரத்தில், விமல்ராஜ் ஓர் அலுமினியச் சட்டியை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். உள்ளே சிவப்புத் தண்ணீர்.

“என்னப்பா இது? காலையிலயே குங்குமம் கரைச்சிட்டு வந்துட்ட?” என்றார் ரத்தினவேல்.

“எங்கம்மா சட்டி தேச்ச தண்ணி சார். வடிகட்டியில இருந்து எடுத்து நாம பின்னாடி கொட்டற பழைய கரியக் கூடையில அள்ளிட்டுப் போயிருக்கு. சோப்புத்தூள் போட்டுத் தேச்சா செவப்பா வருதுன்னு கூப்பிட்டுச்சு. பார்த்தா நம்ம மருந்து கலரு.”

ரத்தினவேலின் சிரிப்பு நின்றது. “பரமசிவம், கரி மருந்தப் பிடிச்சா விடாதுன்னு சொன்னீங்களே?”

“வெறும் தண்ணிக்கு விடாது சார். சோப்புத்தூளு காரம். கரியக் கொண்டுபோய் அதுல போட்டுத் தேய்ப்பாங்கன்னு யார் கண்டா?”

“எங்க ஊருல பாதி வீட்ல கரிதாண்ணா,” என்றான் விமல்ராஜ். அதில் குத்தல் இல்லை. அதுவே பரமசிவத்தைக் குத்தியது.

அன்றே விமல்ராஜ் தன் ஊருக்குள் வீடு வீடாகப் போய், தன் அம்மா நாராயணம்மாவைப் போலவே கரி அள்ளிச் சென்ற அவள் தோழிகளிடமெல்லாம் கெஞ்சியும் மிரட்டியும் கூடைகளைத் திரும்ப வாங்கினான். நிலையத்தின் பின்னால் கிடந்த கரிக் குவியலை, மூடி பொருத்திய டிரம்களில் அடைத்து, சிவப்புப் பட்டை தீட்டி, கொட்டகையில் பூட்டினான். ஆபத்தான கழிவை முறைப்படி எரிக்கும் இடத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று.

பரமசிவம் வீட்டுக்கு வந்ததும் மனைவி பேச்சியம்மாளிடம் கேட்டார்: “நீ எதுல பாத்திரம் தேய்க்க?”

“பச்சை நாரு, சோப்புக்கட்டி. ஏன்?”

“ஒருநாளாவது கரி போட்டுத் தேச்சா என்ன?”

“நல்லா இருக்கே! கரியத் தொடாதீங்கன்னு அந்தப் பையன் ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதான். நீங்க ஏன் தொடலன்னு கேக்குதீங்க!”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்தச் சிவப்புத் தண்ணீர் தன் வீட்டுச் சட்டியில் வந்திருந்தால், அதை ஏந்திக்கொண்டு மேலாளர் முன் நின்றவர் தாமாக இருந்திருப்பார். இன்னொருத்தியின் அழுக்குச் சட்டிக்காகக்கூடப் பொறாமைப்பட ஒரு மனிதனால் முடியும் என்பதை அன்று அவர் அறிந்தார்.

அடுத்த மாதம் பலகை வந்தது. பரமசிவம் நேரே ரத்தினவேலின் அறைக்குப் போனார்.

“அது பாதுகாப்பு வாரத்துக்கு வெச்ச போர்டுங்க. டிரம்ல போட்டுப் பூட்டினவன் அவன். அதான் அவன் பேரு.”

“அப்ப மேல மாங்கொட்டைக் கரி வடிகட்டின்னு ஏன் சார் போட்டிருக்கு?”

“வேற என்னன்னு போடறது, தகர டிரம்முன்னா? விடுங்க பரமசிவம். அடுத்த தடவை உங்க பேரப் பார்க்கலாம்.”

பார்க்கலாம் என்பது தேதி இல்லாத சொல். பரமசிவம் வெளியே வந்தார். வாசலில் விமல்ராஜ் நின்றான்.

“அண்ணா, எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. போர்டு எழுதற முனிராஜ் நம்ம பையன்தான். சாயங்காலம் வரச் சொல்றேன். உங்க பேரையும் சேத்துடலாம். மேலேயே போடச் சொல்றேன், போதுமா?”

“நீ சேத்தா அது உன் போர்டு.”

“யாரு சேத்தா என்னண்ணா? பேரு பேருதானே?”

“உன்கிட்ட வாங்கிப் போட எனக்குப் பேரு இல்லாம இல்ல.”

விமல்ராஜ் தலையைச் சொறிந்தான். “அண்ணா, உங்களுக்குக் குடுத்தாலும் கோவம், குடுக்கலேன்னாலும் கோவம். நான் பம்பாவது போடறேன்,” என்று உள்ளே போனான்.

அன்று மாலை பரமசிவம் நிர்வாகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தார். கொட்டை வாங்கிய ரசீதுகளையும் சோதனைக் குறிப்புகளையும் வரிசைப்படுத்தி, பலகையிலிருந்து விமல்ராஜின் பெயரை நீக்கித் தம் பெயரை எழுத வேண்டும் என்று முடித்தார். பேச்சியம்மாளுக்கு வாசித்துக் காட்டினார்.

“நீக்கியா?” என்றாள் அவள். “அந்தப் பையன் வீடு வீடாப் போய் வாங்கிட்டு வரலைன்னா எத்தனை சட்டியில அந்த மருந்து ஊறிக் கெடக்கும்? உங்க கரிதானே அது?”

உங்க கரி. தொழிற்சாலையில் ஒருவர்கூடச் சொல்லாத சொல். அவர் ஏங்கிக் கிடந்த சொல். அது பாராட்டாக வராமல் பழியாக வந்து சேர்ந்தது. மறுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. மறுத்தால் கரியும் கையைவிட்டுப் போய்விடும்.

பேனாவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு ‘நீக்கி’ என்ற சொல்லை அடித்தார். அடித்தபோதும் பொறாமை இம்மியும் குறையவில்லை. புதுத் தாள் எடுத்து முழுவதையும் திருத்தமாக எழுதினார். மனுவின் கடைசிப் பகுதி வருமாறு:

“கரி என்னுடையது. அதிலிருந்து நாராயணம்மாவின் சட்டியில் இறங்கிய சிவப்பும் என்னுடையதே. அந்தப் பிழையை நான் மறுக்கவில்லை. அதைத் தடுத்தவர் விமல்ராஜ். அவர் பெயர் இரண்டாம் வரியில், இப்போதுள்ள அளவைவிடப் பெரிதாகாமல், நிற்கட்டும். முதல் வரி எனக்கு உரியது. அதை நிர்வாகமே எழுத வேண்டும். சக ஊழியர் எவருடைய தயவாலும் எழுதப்படக் கூடாது. இந்த ஆலைக்கு மாங்கொட்டைக் கரியைக் கொண்டுவந்தவர் யார் என்ற ஒரே கேள்விக்கு, பதினைந்து நாட்களுக்குள், கையொப்பமும் தேதியும் இட்டு, எழுத்துமூலமாகப் பதில் தருமாறு கோருகிறேன். வாய்மொழியாகச் சொல்லப்படும் எதையும் பதிலாக ஏற்க இயலாது.”