கை கடைசி

எங்கள் ஆலையில் செல்போனை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பட்டாசு ஆலை என்றால் எங்கும் அதுதான் வழக்கம். அதனால் தங்கவேல் அண்ணாச்சி போன செய்தி என் போனுக்குக் காலையிலேயே வந்துவிட்டது, எனக்கு மதியம்தான் வந்தது. பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. திரும்ப அழைத்ததும் நம் கிளப் செயலாளர், "அண்ணாச்சி தூக்கத்துலயே போயிட்டாகம்மா" என்றார். அதுவரை அவர் இருப்பதாகவே நினைத்து, சனிக்கிழமை அவரைக் கிண்டல் செய்ய ஒரு பேச்சை மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். அதை இனி யாரிடம் போய்ச் சொல்ல?

நம் ரைபிள் கிளப்பில் இருக்கிற உங்களுக்கு அவரைத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருத்தங்கலில் ஆஃப்செட் அச்சு மிஷின் ஃபிட்டர். நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருக்கும் நானும் அவரும் ஒரே வாரத்தில்தான் கிளப்பில் சேர்ந்தோம். எனக்குக் குறி வந்தது, அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அண்ணாச்சி சுட்டால் குறி அட்டைக்கு ஆபத்தில்லை, அதை மாட்டியிருக்கும் பலகைக்குத்தான் ஆபத்து என்று நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். முதலில் சிரிப்பதும் அவர்தான். "நான் எங்க சுட வர்றேன் தங்கச்சி? இந்தத் துப்பாக்கியக் கழத்திப் பாக்கத்தான சந்தா கட்டுறேன்" என்பார்.

இரண்டு வருடம் முன்பு என் ஏர் ரைபிள் குறி தவற ஆரம்பித்தது. பத்து மீட்டரில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்துகொண்டிருந்த துப்பாக்கி, திடீரென்று ஒன்றை மேலே போட்டது, ஒன்றை வலப்பக்கம் போட்டது. ஒரே பக்கமாகப் போனாலாவது குறிக்கண்ணாடியைத் திருத்திக்கொள்ளலாம். இது எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியவில்லை.

அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம். சனிக்கிழமைதோறும் ஒரு சோதனை வைத்தார். முதல் வாரம் குண்டு டப்பாவை மாற்றினோம். அடுத்த வாரம் குழலுக்குள் துணி விட்டுத் துடைத்தோம். அதற்கும் அடுத்த வாரம் என் குறிக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிடலாமே என்று கேட்டதற்கு என்மேல் எரிந்து விழுந்தார். "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் தொடணும். ரெண்டத் தொட்டா எது சரியாக்குச்சுன்னு சாமிக்கே தெரியாது!" அவரே என் துப்பாக்கியை வாங்கிச் சுட்டும் பார்த்தார். குண்டுகள் ஊரெல்லாம் போயின. "பாத்தீகளா, துப்பாக்கிதான் கோளாறு" என்றார். "அண்ணாச்சி, நீங்க எதுல சுட்டாலும் அப்படித்தான போகும்?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார்.

எனக்கு மட்டும் உள்ளே சிரிப்பு வரவில்லை. என் அப்பாவுக்கு ஐம்பது வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைத் தூக்கினால் பாதி காபி சட்டையில் இருக்கும். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. வெடிமருந்து கலக்கும் அறைக்குள் நடுங்குகிற கையோடு ஒருத்தி நிற்கக் கூடாது. என்னை நம்பி உள்ளே இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்து கடிதமும் எழுதிவிட்டேன். அது ஒரு மாதமாக என் கைப்பையில் கிடந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. நான்காவது சனிக்கிழமை அண்ணாச்சி அடுத்த சோதனையை ஆரம்பித்தபோது, "விடுங்கண்ணாச்சி, துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. எங்கப்பா கை எனக்கும் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டேன். கடிதத்தையும் காட்டினேன்.

அவர் அதை வாசித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போனவர், அரை மணி நேரத்தில் மை துடைத்த வேஸ்ட் துணி மூட்டை ஒன்றோடு திரும்பி வந்தார். அதை மேசைமேல் வைத்து, நடுவில் பள்ளம் பண்ணி, துப்பாக்கியை அசையாமல் படுக்க வைத்தார். "நீங்க தூக்க வேண்டாம். விசைய மட்டும் தொடுங்க" என்றார். ஐந்து முறை தொட்டேன். அட்டையை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஐந்தும் ஐந்து திசை.

"ஏன் தங்கச்சி, இந்த மூட்டைக்குமா கை நடுங்குது?"

நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் துப்பாக்கியின் கட்டையையும் குழலையும் கைக்கொன்றாகப் பிடித்து மெல்ல முறுக்கினார். லேசாக அசைந்தது. "இதக் கழத்துனீகளா?" என்று கேட்டார். ஆமாம், மழைக்கு முன்னால் எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டினேன் என்றேன். "ஸ்க்ரூவ முடுக்குனீகளா?" நன்றாக முடுக்கினேன் என்றேன். "எத வச்சு?"

பையிலிருந்து என் ஆலன் கீயை எடுத்துக் கொடுத்தேன். பித்தளை. பட்டாசு ஆலையில் இரும்பை இரும்பு தொட்டால் பொறி பறக்கும் என்பதால் எங்கள் கருவியெல்லாம் பித்தளைதான், மரம்தான். முப்பது வருடப் பழக்கம். வீட்டில் தேங்காய் உடைத்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மருந்தே இல்லாத, காற்றில் சுடும் துப்பாக்கிக்கும் பட்டறையில் சொல்லி ஒரு பித்தளை ஆலன் கீ செய்து வைத்திருந்தேன். அது லேசாக முறுக்கிக்கொண்டு போயிருந்தது. நான் முடுக்கியதெல்லாம் அதைத்தான், ஸ்க்ரூவை இல்லை.

அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடப் பாவி மனுசி! ஒரு மாசமா எங்கெங்கயோ தேடுறேன், வெடிச்சிரும்னு பயந்து பூப்போலத் திருகி வச்சிருக்கீகளே!" என்றார். அடுத்த நிமிடமே தன் தலையில் தட்டிக்கொண்டார். "மொதல்ல கேக்க வேண்டியத நான் கடைசியில கேட்டேன் பாருங்க. என்னயத்தான் ஒதைக்கணும்." பைக் பெட்டியிலிருந்து இரும்பு ஆலன் கீயை எடுத்து இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினார். கிர்ரென்ற சத்தத்துக்கு நான் காதைப் பொத்தினேன். மூட்டைமேல் வைத்துச் சுட்டேன், ஒரே ஓட்டை. கையில் தூக்கிச் சுட்டேன், அதுவும் ஒரே ஓட்டை. அன்று கடிதத்தைக் கிழித்தேன். அவர் தன் இரும்புக் கீயை எனக்குக் கொடுத்தார், என் பித்தளைக் கீயைத் திருப்பித் தரவே இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு தாளைக் கொண்டு வந்து என் துப்பாக்கிப் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டினார். முன்பக்கம், வண்ணம் விலகி அச்சானதில் மூக்கு இரண்டாகிப்போன காலண்டர் கிளி. கீழ்ப்பாதியை ஒட்டாமல் விட்டிருந்தார், அதைத் தூக்கினால் பின்பக்கம் அவருடைய கோணல் எழுத்து: மொதல்ல ஸ்க்ரூ. அப்புறம் குண்டு. அப்புறம் குழல். அப்புறம் கண்ணாடி. கை கடைசி.

"எது தப்பாப் போனாலும் ஒடனே ஒங்களயே குத்தவாளியாக்காதீக. வரிசையா வாங்க" என்றார். துப்பாக்கிக்கு மட்டும் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆலையில் ஒரு சரம் நமத்துப்போனாலும், வீட்டில் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், வரிசையாகத்தான் வருகிறேன். பாதி நேரம் என்மேல் தப்பே இருப்பதில்லை. எவ்வளவு நிம்மதி தெரியுமா!

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சனிக்கிழமை, ஆமத்தூர் பக்கம் இருக்கிற நம் ரேஞ்சுக்குத் தனியாகப் போனேன். முதல் ஐந்து குண்டும் சிதறின. பெட்டியைத் திறந்தேன், கிளி பார்த்தது. அவர் கொடுத்த இரும்புக் கீயால் ஸ்க்ரூவைப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. குண்டு பழைய டப்பாதான். குழல் சுத்தம். கண்ணாடி அசையவில்லை. ஒன்றையும் விடவில்லை அண்ணாச்சி, வரிசையாகத்தான் வந்தேன்.

இன்றைக்குக் கைதான்.