மூன்று குழல்களுக்கு ஒரு சைலன்சர்

கூஹ்மோ பக்கம் ஒருத்தனிடம் எல்லா ரைபிளுக்கும் பொருந்துகிற ஒரே சைலன்சர் இருக்கிறதாம். நரி சுடுகிற சின்னக் குழலிலிருந்து கரடி சுடுகிற தடிக்குழல் வரைக்கும் மாற்றி மாற்றித் திருகிக்கொள்ளலாமாம். சுட்டால் பக்கத்து வயலில் மேய்கிற பசு தலையைக்கூடத் தூக்காதாம். இதை இர்மாவிடம் சொன்னவர் வேட்டைக் குழுத் தலைவர் ஹெய்மோ. ஹெய்மோவுக்குச் சொன்னது அவருடைய மச்சான்.

"உன் மச்சான் அதைக் கண்ணால பாத்தானா?" என்று கேட்டாள்.

"பாக்கல. பாத்தவனைப் பாத்திருக்கான்," என்றார் ஹெய்மோ, பெட்ரோல் பங்க் காபிக் கடையில் பன்னைக் காபியில் நனைத்துக்கொண்டே.

கேட்டவர்கள் சிரித்தார்கள். இர்மா கெம்பைனன் மட்டும் அதை மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். முப்பது வருடம் பள்ளிச் சமையற்கூடத்தில் சூப் கிண்டியவள். இலையுதிர் காலம் வந்தால் அந்தக் குழுவில் நாயைக் காட்டுக்குள் நடத்திப்போகிறவள் அவள்தான். கணவர் ரேயோ மார்ச் மாதம் விறகுக் கொட்டகையில் கோடரியைக் கையில் பிடித்தபடியே விழுந்து இறந்துபோனார். செத்தவர் பெயரில் இருக்கும் ரைபிளை வைத்துக்கொள்ளப் போகிறாயா, விற்கப் போகிறாயா என்று போலீஸிலிருந்து கடிதம் வந்து சமையலறை மேசையில் கிடந்தது.

இரும்பு அலமாரிக்குள் மூன்று ரைபிள்கள் நின்றன. ரேயோவின் தடிக்குழல், ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் தோட்டாவுக்கு. மூஸ் மானையும் கரடியையும் சாய்க்கிறது. இர்மாவின் முந்நூற்றெட்டு, நடுத்தரக் குழல். மூன்றாவது மகன் யாக்கோவினுடையது, நரிக்கும் காட்டுக்கோழிக்கும் ஆன ஒல்லிக் குழல். மூன்றும் தோளோடு தோள் சாய்ந்து நின்றன. மனிதர்கள் மூவரும் அப்படி நின்று பதினேழு வருடம் ஆகியிருந்தது.

ரேயோ உயிரோடு இருந்தவரை சைலன்சர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். குழுவிலேயே அவர் ஒருவர்தான் மொட்டைக் குழலோடு நின்றார். "சத்தம் கேட்டாத்தானே ஊருக்குச் சேதி தெரியும்? ஒரு வெடின்னா கறி. ரெண்டுன்னா இருந்தாலும் இருக்கும். மூணுன்னா சூப்புல உருளைக்கிழங்குதான்," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். உண்மைக் காரணம் அதுவல்ல என்று இர்மாவுக்குத் தெரியும். வாங்கினால் தன் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கயானி நகரத்தில் தைஸ்தோவின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். தைஸ்தோ அவளோடு ஒரே பள்ளியில் படித்தவர்.

"எத்தனை ரைபிளுக்கு?" என்றார்.

"மூணுக்கு. மூணுக்கும் ஒண்ணே வேணும். கூஹ்மோவுல யாரோ..."

"ஐயோ, நீயுமா! இந்த வாரம் நீ நாலாவது ஆளு. போன வாரம் வந்தவன் அது காபியும் போடும்னான்." சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று கறுப்பு உருளைகளை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். "இங்க பாரு இர்மா. இருக்கறதிலேயே பெரிய தோட்டா எதுவோ, அதுதான் துளையோட அளவைச் சொல்லும். சின்னத் தோட்டா பெரிய துளையில போயிடும். பெருசு சின்னதுல போகாது. தெரியாம மாட்டிச் சுட்டா சைலன்சர் மரத்துல தொங்கும், நீ ஆஸ்பத்திரியில கிடப்ப."

"அப்போ பெரிய துளையே குடு. மூணுக்கும் ஆச்சு."

"ஆச்சுதான். ரேயோவோடதுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கும். உன்னோடதுக்குப் பரவாயில்ல. சின்னதுக்குத்தான் கஷ்டம். அகலக் கதவைத் திறந்து வெச்ச மாதிரி, சத்தம் பாதி வெளிய ஓடிடும். கனம் வேற. ஒல்லிக் குழல் நுனியில தொங்கினா குறி கீழ இறங்கும். சுடறவன் காதுதான் பாவம்."

இர்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் எல்லாம் பெரியவருடைய அளவுக்குத்தான் வெட்டப்பட்டிருந்தது.

பதினேழு வருடத்துக்கு முன், அந்த அக்டோபர் சனிக்கிழமை யாக்கோவுக்குப் பதினெட்டு வயது. அப்பாவோடு மானுக்காகக் காத்திருக்கும் ஒரே காவலிடத்தில், கவிழ்ந்த பைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். "காதுமூடியைக் கழட்டுடா. நாய் குரைக்கறது கேக்க வேண்டாமா?" என்று ரேயோ சொல்லியிருக்கிறார். தன்னுடையதையும் கழற்றித்தான் வைத்திருந்தார். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நாயின் குரலைத் தவறவிட்டவனை வருடம் முழுக்கக் கேலி செய்வார்கள். மான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ரேயோ குழலைத் திருப்பினார். குழல் வாய் மகனுடைய இடது கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அரைக் கிலோமீட்டர் தள்ளி நாயோடு நின்ற இர்மாவுக்கு ஒரே ஒரு வெடி கேட்டது. ஒரு வெடி, கறி. அவள் மகிழ்ந்துபோனாள்.

மறுநாள் காலை, "காதுக்குள்ள என்னமோ கூவுது," என்றான் யாக்கோ. "நாளைக்குச் சரியாயிடும்," என்றார் ரேயோ. இர்மா மூன்று பேருக்கும் காபி ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை கறி பங்கு போடுகிற நாள். அன்றைக்குக் குழுவில் ஒருவர் குறைந்தாலும் பேச்சு வரும்.

கொட்டகையில் கறியைச் சமமான குவியல்களாக வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மற்றொருவர் ஒவ்வொரு குவியலாகத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்க, நிற்கிறவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்ல வேண்டும். அப்போதுதான் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. முதல் மான் பார்த்த பையன் என்று யாக்கோவை நிறுத்தினார்கள்.

ஹெய்மோ அவனுக்கு இடது பக்கத்திலிருந்து, "இது யாருக்கு?" என்றார்.

பதில் இல்லை.

"ஏய், இது யாருக்குடா?"

பதில் இல்லை.

"மாப்பிள்ளை நின்னுக்கிட்டே தூங்கறான்! கனவுல எவ வந்தாளோ!"

கொட்டகையே சிரித்தது. கத்தியும் கையுமாக நின்ற இர்மாவும் சிரித்தாள். யாக்கோ திரும்பிப் பார்த்தான், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவனும் சிரித்தான். அந்த முகத்தைப் பார்த்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மீதிக் குவியல்கள் முடியட்டும் என்று இருந்தாள். திங்களன்று பள்ளியில் வேலை, செவ்வாயன்று ரேயோவுக்கு வேலை. புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போனபோது டாக்டர் முதலில் கேட்டது, "ஏன் அன்னிக்கே கூட்டிட்டு வரல?" என்றுதான்.

காது திரும்பவில்லை. கூவலும் நிற்கவில்லை. ரேயோ ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சாப்பிடும்போது மட்டும் தன் வழக்கமான நாற்காலியை விட்டுவிட்டு மகனுக்கு வலது பக்கம் வந்து உட்கார ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். மகனுக்கு அது போதவில்லை. அடுத்த கோடையில் எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் போனான். லூலியோவில் பஸ் ஓட்டுகிறான். வானொலி ஓடினால்தான் தூக்கம் வருமாம். ரைபிளை விற்கவும் இல்லை, வந்து எடுத்துக்கொள்ளவும் இல்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவன் கல்லறையில் நின்றான், பூ வைத்தான், அடக்கம் முடிந்து எல்லாரும் கூடிக் குடிக்கிற சடங்குக் காபிக்கு இருக்காமல் போய்விட்டான். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. "அவனாலதான் காபி மிஞ்சிப் போச்சு," என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கூப்பிட்ட எதையும் அவன் எடுக்கவில்லை.

"இர்மா? இருக்கியா?" என்றார் தைஸ்தோ.

"பெருசை விட்டுட்டா என்ன ஆகும்?"

"முப்பது அளவுத் துளை போதும். உன்னோடதுக்குக் கச்சிதம், சின்னதுக்கும் நல்லாவே அடக்கும். கனமும் கம்மி. இங்க வர்றவங்க முக்கால்வாசி அதைத்தான் வாங்கறாங்க." நடு உருளையை விரலால் தட்டினார். "ஆனா ரேயோவோடது வெளிய நிக்கும்."

"அதை வித்துக் குடுத்துடு."

தைஸ்தோ மற்ற இரண்டு உருளைகளையும் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, "அவர் போன பிறகு வர்ற முதல் வேட்டைக்கு முன்னாடியேவா? ஊர்ல பேசுவாங்களே," என்றார்.

"பேசட்டும். பதினேழு வருஷமா யாரும் எதையும் பேசல. இதையாவது பேசட்டும்."

முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவருடைய தோள் பட்டுத் தேய்ந்த ரைபிள் கட்டை அது. காருக்குப் போய் உறையோடு எடுத்துவந்து மேசைமேல் வைத்தபோது, கை அதை விட மறுத்தது. தைஸ்தோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னோடதுல சைலன்சரைத் திருக மரை இருக்கா?" என்று பேச்சை மாற்றினார்.

"இருக்கு. வாங்கினப்பவே வந்தது. மூடியைக் கழட்டினதே இல்ல."

"சின்னதுல?"

"இல்ல. கார்ல இருக்கு, பாரு."

"பாக்கவே வேணாம். அது பழசு, கடைசல் பட்டறையில குடுத்து நுனியில மரை வெட்டணும். நடுவுல ஒரு வளையம் போட்டா ரெண்டுக்கும் இதையே மாத்தி மாத்தித் திருகிக்கலாம். அரை நாள் வேலை." காகிதத்தை இழுத்து எழுதப்போனவர் நிறுத்தினார். "அது யார் பேர்ல இருக்கு?"

"அவன் பேர்ல. அதை எடுத்துச் சுட எனக்கும் லைசென்ஸ் உண்டு."

"சுடறது வேற, வெட்டறது வேற. குழல்ல கை வெக்கறதுக்குச் சொந்தக்காரன் வாயால ஒரு வார்த்தை வேணும். போன்ல சொன்னாலும் போதும், நான் எழுதிக்கறேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா இது ஒரே ரைபிளுக்கான சைலன்சர். அதுக்கென்ன, நிறையப் பேர் அப்படித்தான் வெச்சிருக்காங்க."

இர்மா கடை வாசலுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை அவனுக்கு பஸ் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அங்கே மணி பத்து இருக்கும், எழுந்திருப்பான். அழைத்தால் என்ன சொல்வது? 'மரை வெட்டலாமா' என்று மட்டும் கேட்டால் போதும், அதற்கு 'சரி' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அப்பாவோட துப்பாக்கியை வித்துட்டேண்டா, உன்னோடதுக்குப் பொருந்தறதா வாங்கினேன், அன்னிக்கு நானும் சிரிச்சேன் இல்ல, அது... மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது வாயிலிருந்து வரவில்லை. எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. இரண்டாவது. மூன்றாவது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து கடையின் கதவைச் சாத்தியது. கண்ணாடிக்குப் பின்னால் தைஸ்தோ பேனாவைத் தூக்கி, எழுதட்டுமா என்று சைகையால் கேட்டார். இர்மா உள்ளங்கையைக் காட்டி, இரு என்றாள். ஆறாவது மணி அடித்துக்கொண்டிருந்தது.