டிஸ்க்கில் ஏறிய பெரியப்பா குரல்

என் அப்பாவின் அண்ணனை நான் பழிவாங்கியது ஒரு டிவிடியை வைத்து. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அப்பா போய்ச் சேர்ந்த மறு வருஷம் காரைக்குடியில் தங்கச்சி கல்யாணம். தாலி கட்டியதும் அட்சதை போட அம்மா மேடையேறினாள். பெரியப்பா கையை நீட்டி மறித்தார்.

"தாலி அறுத்தவளுக்கு மேடையில என்ன சோலி? அங்குட்டுப் போயி நில்லு."

கல்யாண இரைச்சலில் அது பக்கத்தில் நின்ற எனக்கும் அம்மாவுக்கும்தான் கேட்டது. கேமராவுக்கும் கேட்டிருந்தது. அம்மா அட்சதையைக் கைக்குள் மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பிறகு கேட்டபோது மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். "நான் எப்படா சொன்னேன்? அவளாத்தான் ஒதுங்கிப் போனா. வீடியோவுல இருந்தாக் காட்டு." இருக்காது என்று அவருக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வீடியோக்காரர்கள் மேளம், மந்திரம், பேச்சு எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிட்டு, தலை முதல் கால் வரை சினிமாப் பாட்டை ஒட்டிக் கொடுப்பார்கள். பெரியப்பா கை நீட்டுகிற இடத்தில் ஒரு டூயட் ஓடியது. "விட்டுத் தொலைடா" என்பாள் அம்மா. நான் விடவில்லை. ஸ்டுடியோவில் கெஞ்சிக் கூத்தாடி, பாட்டு ஒட்டாத பதிவை வாங்கி வைத்திருந்தேன்.

அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. நேமத்தான்பட்டி வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு சொந்தபந்தம் உட்கார்ந்து பார்க்க, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் போட்டுத் தரச் சொன்னார். அவர் வீட்டில் பழைய டிவிடி பிளேயர்தான், பென்டிரைவ் போகாது. போயும் போயும் என்னிடம் கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஆனால் டிஸ்க்கில் எழுதிப் போட்டுப் பார்த்தால் அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் படம் வந்தது, சத்தம் வரவில்லை. கம்ப்யூட்டரில் அதே வீடியோ நன்றாகப் பேசியது. வயரை மாற்றினேன், வேறு டிஸ்க் போட்டேன், பிளேயரைத் தட்டிக்கூடப் பார்த்தேன். ஊமைப் படம்தான். கேமரா பதிந்த ஒலி வகையை டிவிடி பிளேயர் ஏற்காது என்று பிறகுதான் பிடிபட்டது. ஒலியைத் தனியாகப் பிரித்து, டிவிடி ஏற்கிற ஏசி3 வகைக்கு மாற்றிச் சேர்த்தேன்.

இப்போது சத்தம் வந்தது. ஆனால் வாய் முன்னே போக, பேச்சு பின்னே வந்தது. அப்படியே போட்டால், "எவனோ பேசினத என் வாயில ஒட்டிட்டான்" என்று தப்பித்துவிடுவார். உதடும் சொல்லும் அச்சாகப் பொருந்தியாக வேண்டும். டிவிடிக்கு ஒலிப்பதிவு வேகம் 48,000 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும்; நான் 44,100இல் விட்டிருந்தேன். மாற்றியதும், 'சோலி' என்ற இடத்தில் அவர் உதடு சரியாகக் குவிந்தது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

விழா அன்று முதலில் காதுகுத்து, பிறகு கிரகப்பிரவேசம் என்று ஓடியது. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு பார்த்தார்கள். அம்மா கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்து தங்கச்சி கல்யாணம். பெரியப்பாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்ன, இப்பிடியா பேசுனீக?" என்றார் பெரியம்மா.

"நிறுத்துடா அத!" என்று பெரியப்பா என்னைப் பார்த்துக் கத்தினார்.

அம்மா எழுந்து முன்னால் வந்தாள். அவளும் நிறுத்தத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"பின்னால சரியாக் கேக்கல தம்பி," என்றாள். "சத்தத்தக் கூட்டிட்டு, மறுபடி போடு."