துத்தநாகத்தின் இரண்டாவது கோடு

வானியல் ஆய்வு அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘அளவுக்காரி’. தொலைதூர நட்சத்திரத்தின் புற ஊதா ஒளி நம்மிடம் வரும் வழியில் வாயு மேகங்களைக் கடக்கிறது. மேகத்திலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடத்தில் அந்த ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நிறமாலையில் அது ஒரு பள்ளமாகத் தெரியும், கோடு என்பார்கள். கோட்டை அளந்து, மேகத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்வது அவள் வேலை. கட்டுரை எழுதுவதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘உதவியாளர்களுக்கு நன்றி’ என்றிருக்கும். அந்த உதவியாளர்களில் இவளும் ஒருத்தி என்று இவளுக்கு மட்டும் தெரியும்.

இந்த முறை அப்படியில்லை. ஒரு மேகத்தில் துத்தநாகம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. கண்டுபிடித்தவள் இவள் என்பதால், கட்டுரையில் தம் பெயருக்கு அடுத்து இவள் பெயரையும் போட்டார் ஆய்வுக்குழுத் தலைவர். சும்மா இருப்பாளா? தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மாமியாரே இரண்டு நாள் குழம்பில் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

துத்தநாகத்துக்கு இரண்டு கோடுகள் உண்டு. பலமானதைத்தான் அளப்பார்கள். பலவீனமானது குரோமியத்தின் கோட்டோடு உரசி நிற்பதால் அதை விட்டுவிடுவது அங்கே வழக்கம். கட்டுரை அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள், கை ஓய்ந்த மதியத்தில், அவள் அதையும் பிரித்து அளந்து பார்த்தாள். துத்தநாகம் முன்பு அளந்ததுபோல் இரண்டு மடங்கு வந்தது.

பலமான கோடு தன்னால் முடிந்த ஒளியையெல்லாம் எப்போதோ விழுங்கி முடித்துவிட்டது. அதற்குமேல் எவ்வளவு துத்தநாகம் இருந்தாலும் பள்ளம் ஆழமாகாது. கருவி அந்தப் பள்ளத்தை மங்கலாக்கி, இன்னும் ஆழமாக இடமிருப்பதுபோல் காட்டியிருக்கிறது. மேகத்தில் ஒரு குறையும் இல்லை. இதைச் சொன்னால் கட்டுரையும் இல்லை, பெயரும் இல்லை.

இன்னும் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, தலைவர் அறைக்குப் போனாள்.

“சார், நம்ம கணக்கு தப்பு. துத்தநாகம் முழுசா இருக்கு.”

அவர் இரண்டு கோடுகளையும் மாறிமாறிப் பார்த்தார். “வேற யாராச்சும் இதப் பாத்தாங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப...” என்றவர் நிறுத்திக்கொண்டார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எத்தன மேகத்துல நாம இந்த ரெண்டாவது கோட்ட விட்டிருக்கோம்?”

அதை அவள் யோசிக்கவே இல்லை. ஒரு பெயர்தான் போகும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“எல்லாத்துலயும் சார். நான் சேந்ததுலேர்ந்து. பத்தொம்பது வருஷம்.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆறுதல் தலைவருக்கே தேவைப்பட்டது.

“நாளைக்கு மொத மேகத்துலேர்ந்து மறுபடி அளக்க ஆரம்பிப்போம்.”

“இன்னைக்கே ஆரம்பிக்கலாம் சார்,” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நான் ரிட்டயர் ஆக ஆறு வருஷந்தான் இருக்கு.”