பூனை தூங்கிய பெட்டி

எழுதி முடியாத ஒரு நாவல் எங்கே இருக்கிறது? தாளிலா, எழுதுகிறவரின் தலைக்குள்ளா? கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஆபிதாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

"தலைக்குள்ளதான் சார். தாளு சும்மா, மறந்துடக் கூடாதேன்னு" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

ஆபிதா பழவேற்காட்டுக்காரர். இறாலும் கருவாடும் வாங்கி விற்ற குடும்பம். கணவர் ஹனீப் தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். மகள் சிஃபா சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காலையில் ஹனீப் கம்பெனி பஸ் ஏறியதும் ஆபிதா பாத்திரம் துலக்கி, இரண்டு பூனைகளுக்கும் மீன் தலையை வேகவைத்துப் போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையரைத் தட்டிவிடுவார். ஹனீபின் அண்ணன் மைக் செட் கடையை மூடியபோது வீட்டுக்கு வந்த கனமான பழைய பெட்டி அது. அரை மணி நேரம் ஓடினால் தோசைக்கல் மாதிரி சூடாகும். அதில் வாத்தியம் மட்டும்தான் ஒலிக்கும், பெரும்பாலும் கிளாரினெட். பாட்டு என்றால் அதிலுள்ள வார்த்தைகள் தன் வார்த்தைகளைத் துரத்திவிடுகின்றன என்பது அவர் புகார். பிறகு தரையில் சம்மணமிட்டு, மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு, மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை எழுதுவார்.

நன்றாக எழுதுவாரா என்றால், சில பக்கங்கள் நன்றாக இருக்கும். கதை வேகமாகப் போகும் இடத்தில் நிறுத்தி வானத்தை விவரிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. சொன்னேன், கேட்கவில்லை. என்னிடமிருந்து எடுத்துப்போகும் தத்துவப் புத்தகங்களை முழுதாகப் படிப்பார் என்பதற்கு, திரும்பி வரும்போது அவற்றின் அட்டையில் இருக்கும் நகக்கீறல்கள் சாட்சி. அவர் படிக்கும்போது மடியில் பூனை இருக்கும்.

நாவலுக்கான தாள் ஹனீப் கொண்டுவருவது. தொழிற்சாலையில் ஒருபக்கம் அச்சடித்து வேண்டாமென்று தள்ளியவை. அச்சடித்த பக்கத்தில் ஏதோ பாகத்தின் வரைபடம், மறுபக்கத்தில் ஆபிதாவின் கையெழுத்து. வீட்டில் ஒரே மாதிரி இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒன்றில் எழுதாத தாள்கள், மற்றதில் எழுதியவை. எழுதியதை அத்தியாயம் அத்தியாயமாக சாக்குத் தைக்கும் நைலான் நூலால் தைத்து வைப்பார். ஸ்டேப்ளர் பின் அடித்தால் உதிர்ந்து பூனையின் காலில் குத்தும் என்ற பயம். நாவல் பெட்டிக்குப் பக்கத்தில்தான் ஆம்ப்ளிஃபையர். அந்தச் சூட்டுக்காக கிஸ்மிஸ் என்ற செம்பூனை எப்போதும் அந்தப் பெட்டிமேல்தான் படுக்கும். தூங்குகிற பூனையை எழுப்பக் கூடாது என்று ஆபிதாவை அவர் அம்மா வளர்த்திருந்தார். அந்த வீட்டில் அது சட்டம்.

ஒரு மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஊறியது. ஹனீப் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி, எழுதாத தாள் பெட்டியின் பக்கம் வைத்தார். அதே வாரம் தொழிற்சாலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாடிக்கையாளர் ஆய்வுக்கு வருகிறார்கள், வரைபடம் அச்சடித்த எந்தத் தாளும் வெளியே இருக்கக் கூடாது, வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் திருப்பித் தரவேண்டும். அவற்றை மிஷினில் போட்டு அரைத்துவிடுவார்கள்.

எழுதிய தாள்களைப் பற்றி ஹனீப் தொழிற்சாலையில் வாயைத் திறக்கவில்லை. எழுதாத பெட்டியை மட்டும் கொடுத்துவிடலாம் என்று ஆபிதாவிடம் சொல்லியிருந்தார். மறுநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கூடத்திலிருந்தே கத்தினார்.

"ஆபிதா, எந்தப் பொட்டிய எடுக்கறது?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "பூனை படுத்துக்கினு கீதே, அது என்னுது. அத்தத் தொடாதீங்க. இன்னொண்ண எடுத்துக்கினு போங்க."

ஹனீப் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனார்.

ஆபிதா எழுத உட்கார்ந்தபோது கிஸ்மிஸ் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையர் இடம் மாறியிருப்பதும், பூனை அதன் பின்னாலேயே மாறியிருப்பதும் அப்போதுதான் உறைத்தது. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் பூனை தூங்குகிறது. எதிரே உட்கார்ந்து அது எழும்வரை காத்திருந்தார். இதைப் பிறகு அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். அது எழுந்து சோம்பல் முறித்து இறங்கியதும் மூடியைத் திறந்தார். எல்லாம் எழுதாத தாள்.

ஹனீபுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போன் லாக்கருக்குள் இருக்கும். ஆபிதா நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். செருப்பில்லை.

"சார், ஆட்டோ ஒண்ணு சொல்லுங்க. என் நாவல அரைக்கப் போறானுங்க."

'தலைக்குள் இருக்கிறது என்றீர்களே' என்று ஆட்டோவில் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் கையைப் பார்த்தேன். துப்பட்டாவின் நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கியிருந்தார். ஆட்டோக்காரரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

தொழிற்சாலை வாயிலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். காவலாளி உள்ளே போன் செய்த பிறகு, ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் துலுக்காணம் கையில் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார்.

"யாரும்மா அது, பேப்பர நூலு போட்டுத் தெச்சது?"

"நான்தாண்ணா."

"நல்லாத் தெச்ச போ! மிஷினே பேஜாராயிடுச்சு. மேல இருந்த கட்டு உள்ள போச்சு, நூலு பிளேடுல சுத்திக்கினு நின்னுடுச்சு. காலைலர்ந்து நோண்டிக்கினு கீறேன். பின்னு அடிக்க மாட்டியா நீ?"

"ஊட்ல பூனை கீதுண்ணா. கால்ல குத்திடும்."

துலுக்காணம் காவலாளியைப் பார்த்தார். "கேட்டுக்கோ. பூனை கால்ல குத்திடுமாம். இங்க எங்க மிஷினுக்குத் தூக்கே மாட்டி வுட்டுச்சு இந்தம்மா."

"மீதிக் கட்டு இன்னாண்ணா ஆச்சு?"

"அது அப்டியேதான் கீது. நூலப் பிரிச்சாத்தான போட முடியும்? எவன் பிரிக்கிறது?"

ஆபிதா வாயில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். காவலாளி தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஆபிதா அதில் உட்காரவில்லை.

ஆனால் தாளைத் திருப்பித் தர முடியாது என்றார், வாயிலுக்கு வந்த நிர்வாக அலுவலர் அருணாச்சலம். அதில் கம்பெனி வரைபடம் இருக்கிறது.

"அந்தப் பக்கம் உங்களுது சார், எடுத்துக்குங்க. இந்தப் பக்கம் என்னுது, குடுத்துடுங்க" என்றார் ஆபிதா.

"ரெண்டையும் தனியா உரிக்கறதுக்கு அது இன்னா வெங்காயமாம்மா?"

"ஜெராக்ஸ் போட்டா உரியாதா? என் பக்கத்த மட்டும் போட்டுக் குடுங்க. அப்புறம் நீங்க அரைங்க, பொடி பண்ணுங்க, எனக்கு இன்னா?"

அருணாச்சலம் ஜெராக்ஸ் போடச் சொன்னார். நூலைப் பிரிக்கும் வேலை துலுக்காணத்தின் தலையில் விழுந்தது. அவர் ஆபிதாவைப் பார்த்த பார்வையை எந்த நாவலிலும் எழுத முடியாது.

தேநீர் இடைவேளையில் ஹனீப் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"நீதான சொன்ன, பூனை படுத்துக்கினு கீறது..."

"நான்தான் சொன்னேன். நீங்க ஆம்ப்ளிஃபையர நகத்துனீங்க. அது சூடு தேடிக்கினு போச்சு. யாரத் திட்டறது? போய் டீ குடிங்க."

அன்று மாலை ஹனீப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் கனமான கட்டு இருந்தது. ஆபிதா வாசலிலேயே அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். இன்னும் சூடு இருக்கிறது என்றார். கூடத்தில் கிளாரினெட் ஓடியது. கிஸ்மிஸ் புதுத் தாளை மோந்துவிட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. எல்லோரும் அதற்கு இடம் விட்டு நின்றோம். நானும் இரண்டு கப் தேநீர் குடித்தேன். எனக்குத் தேநீர் ஆகாது.

மேலே இருந்து அரைபட்டது ஆறாம் அத்தியாயம். அப்போது திருத்திக்கொண்டிருந்ததால் அது மேலே இருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரே தட்டில் சாப்பிடும் அக்காவும் தங்கையும், ஏழாம் அத்தியாயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஏன் என்பது ஆறில்தான் இருந்தது.

சில மாதம் கழித்து நாவல் முடிந்தது. சிறிய பதிப்பகம் ஒன்று கேட்டிருந்தது. அனுப்புவதற்கு முந்தைய நாள் ஆபிதாவின் வீட்டுக்குப் போனேன். ஆறாம் அத்தியாயம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னார். சகோதரிகள் இருவரும் ஏரியைப் படகில் கடக்கிறார்கள். நடுவில் எங்கும் தடுமாறவில்லை, வானத்தை விவரிக்கவும் இல்லை. அவர் எழுதியதில் அதுதான் சிறந்தது. அதை அவரிடமே சொன்னேன். நான் அப்படிச் சொல்வது அபூர்வம் என்று அவருக்குத் தெரியும்.

"அப்படியே எழுதிவிடுங்களேன். ஒரு காலை வேலைதானே."

"ஆமா சார், ஒரு காலை போதும்" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

பிறகு ஊசியில் நைலான் நூலைக் கோத்தார். ஐந்தாம் அத்தியாயத்தின் கீழ் ஏழாம் அத்தியாயத்தை வைத்தார். தலைப்பில் இருந்த எண்ணை மாற்றவில்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்தார்.