இழுத்துக் காட்டச் சொன்ன டொக்டர்

டொக்டர் யோகமலர் காலமான செய்தி வந்தபோது கிளினிக் வாசலில் சனம் நிறைந்திருந்தது. இரவு நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் விடிய எழும்பவில்லை என்று அவருடைய தங்கை தொலைபேசியில் அழுதார். நானும் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கிளினிக்கைப் பாதியில் விட்டுப் போயிருந்தால், டொக்டர் செத்த வீட்டில் எழும்பியிருந்து என்னை ஏசியிருப்பார்.

சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் அவருடன் நெடுங்காலம் வேலை செய்த தாதி நான். அவருடைய வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை; இங்கே கூடியிருக்கிற எல்லோரும் ஒருமுறையாவது ஏச்சு வாங்கியிருப்பீர்கள். உடம்பில் கட்டி என்று யாராவது வந்தால் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். எப்போது கண்டது, வளருகிறதா, அசைகிறதா என்று துருவித் துருவிக் கேட்பார். "பேர் தெரியாத கட்டியில நான் கத்தி வைக்க மாட்டன், சிஸ்டர்" என்பார்.

நிலாவெளிச் சிவபாலன் இடுப்பில் கயிறு கட்டிக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர். தொடையின் பின்புறம் தேசிக்காயைவிடப் பெரிய கட்டியோடு வந்தார்.

"நோவில்லை டொக்டர். இடுப்புக் கயிறு உரசிக் காய்ச்சது. எங்கட ஆக்களுக்கு வழக்கம்தான். டக்கெண்டு வெட்டி விடுங்கோ, வலை தொடங்கப்போகுது."

டொக்டர் என்னிடம் அகலமான பன்டேஜ் ஒன்றை வாங்கி, அவருடைய இடுப்பில் சுற்றி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்தார். "வலை இழுக்கிற மாதிரி இழுத்துக் காட்டுங்கோ." மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே சாய்ந்து இழுத்தார். கட்டிலும் கொஞ்சம் நகர்ந்தது. டொக்டர் தொடையில் கை வைத்துப் பார்த்தார். சும்மா நின்றபோது அசைந்த கட்டி, தசை இறுகியதும் அசையவில்லை. பன்டேஜோ அதற்கு ஒரு சாண் மேலே நின்றது.

"கயிறு இங்க படவே இல்லை. இது தசைக்குள்ள இருக்கு. முதல்ல ஸ்கேன், பிறகு ஊசியால ஒரு துண்டு எடுத்துப் பாக்கவேணும். அதுக்குப் பிறகுதான் கத்தி."

"வெட்டத் தெரியாட்டிச் சொல்லுங்கோ" என்று கத்திவிட்டுப் போன சிவபாலன், ஸ்கேனுக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டொக்டர் என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக் கரைக்குப் போனார். வலை கரையேறும்வரை வெயிலில் நின்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நோகாமல் வளருறதுதான் எனக்குப் பயம். வெட்டிப்போட்டுப் பேர் தேடினால், இந்தக் காலைக் காப்பாத்த என்னால ஏலாமல் போகும்."

சிவபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி எழும்பி வந்து, "ஓம் டொக்டர், நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

தசையில் அபூர்வமாக வரும் புற்றுநோய் அது. பேர் தெரிந்த பிறகு, எவ்வளவு சதையோடு எடுக்கவேண்டும் என்று திட்டம் போட்டு எடுத்தார்கள். காலும் மிஞ்சியது, ஆளும் மிஞ்சினார்.

டொக்டரின் பாடையைத் தூக்கியவர்களில் சிவபாலனும் ஒருவர். ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார். தோள் மாற்ற வந்தவர்களுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் நான் வாய்விட்டு அழுதேன்.

டொக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தை. செய்தி வந்த காலையில் நான் கூப்பிட்ட அடுத்த ஆள், குறிஞ்சாக்கேணியிலிருந்து கையில் ஒரு கட்டியோடு வந்த பெண். பதிலுக்கு வரவேண்டிய வேறு டொக்டருக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், "நோகுதில்லை மிஸ், பிறகு வாறன்" என்று எழும்பினார்.

நான் கதிரையை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"நோகாட்டித்தான் காட்டவேணும். இருங்கோ."