ஆளில்லாத பாடை

ஏதென்ஸின் கப்பல்கள் வடக்கே போருக்குக் கிளம்பிய கோடைக்காலக் காலையில், தெமியாஸ் துடுப்பு வலிக்கும்போது போட்டு உட்காரும் தோல் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தைக்கே வந்து விடைபெற்றான். அவன் மனைவி மல்தாகே அங்கே நாடா விற்பவள்.

"துறைமுகம் வரைக்கும் வந்து அழாத. கூட இருக்கிறவனுங்க என்னைக் கேலி பண்ணுவானுங்க," என்றான். போய்விட்டான்.

குளிர்காலத்தில் கப்பல்கள் திரும்பின. அவன் வரவில்லை, அவன் எலும்பும் வரவில்லை.

போரில் மாண்டவர்களின் எலும்புகளை ஊர் கூடிச் சுமந்துபோய்ப் புதைக்கும். உடல் கிடைக்காதவர்களுக்காகத் துணி விரித்த வெறும் பாடை ஒன்றும் கூடவே போகும். அதன் பின்னால் அழுதுகொண்டு நடப்பவள் விதவை. விதவையை யாருக்குக் கொடுப்பது என்பது அண்ணன் பாடு. மல்தாகேயின் அண்ணன் கைரிப்போஸ், தோல் பதனிடும் கிழவன் ஒருவனிடம் ஏற்கெனவே பேசி முடித்திருந்தான்.

"மூணு நாள்ல ஊர்வலம். நீ பாடைக்குப் பின்னாடி நடக்கிற," என்றான்.

"நடக்கலைன்னா?"

"செத்தவனுக்கு அழாதவள்னு ஊரே காறித் துப்பும்."

அவள் கடைக்கு எதிரே மிக்கோனின் செருப்புக்கடை. சூரியன் கல்லா கடவுளா, நல்ல குணத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று விடிந்ததிலிருந்து அங்கே கூடும் ஆண்கள் வாதாடுவார்கள். மறுநாள் அவர்கள் எடுத்துக்கொண்டது அவள் கதையை.

"யாரும் பாக்காத சாவை சாவுன்னு சொல்லலாமா?" என்றான் ஒரு இளைஞன்.

"அதான் பாடை தூக்கப் போறாங்களே!" என்றான் இன்னொருவன்.

"காலிப் பாடைய தூக்கினா காத்துதான்யா செத்திருக்கும்."

கொல்லென்று சிரித்தார்கள். "டேய், அந்தப் பொண்ணு காதுல விழுது," என்று அதட்டினான் மிக்கோன்.

மல்தாகேயின் விரல்களில் நாடா சிக்கிக்கொண்டது. ஆண்கள் பேச்சில் அவள் தலையிட்டதே இல்லை. விலை மட்டும்தான் சொல்வாள். அந்த நேரம் பார்த்துக் கைரிப்போஸ் வந்து நின்றான்.

"அண்ணே, அவர் செத்ததைப் பாத்தவன் யாரு?" என்றாள்.

"யாரும் பாக்கல."

"அப்ப நீ யாருக்கு என்னை அழச் சொல்ற?"

"ஆகா! பதில் சொல்லுங்கய்யா!" என்று கூவினான் இளைஞன். இருபது தலைகள் திரும்பின.

கூட்டத்தின் முன்னால் தோற்பது கைரிப்போஸுக்கு ஆகாது. "பாத்தேன்னு ஒருத்தன் பலிபீடத்துல கைவச்சு சத்தியம் பண்ணட்டும். அதுவரைக்கும் உன்னை யாருக்கும் குடுக்கல, போதுமா?" என்றான். சொன்ன பிறகுதான் உறைத்தது. இருபது பேர் கேட்ட சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

ஊர்வலத்தன்று அவள் கடை திறந்திருந்தது. கல்லறையில் கட்ட நாடா தேடி வந்த பெண்கள் அவளைக் கடந்து அடுத்த கடைக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து கப்பல் வந்தது என்றாலே மற்றவர்கள் சேதி கேட்கத் துறைமுகத்துக்கு ஓடினார்கள். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வருகிறவன் எவனும் அந்தச் சாட்சியாக இருக்கலாம். கைரிப்போஸ் ஒவ்வொருவனையும் கூட்டிப்போய் மது வாங்கிக் கொடுத்து விசாரித்தான்.

ஒருநாள் ஒருவன் கடைமுன் வந்து நின்று அவளையே பார்த்தான். "தெமியாஸ் இருந்த கப்பல்லதான் நானும் இருந்தேன்."

அவள் நாடாவை அளந்துகொண்டே இருந்தாள்.

"புயல்ல கப்பல் ரெண்டாப் போச்சு. நான் ஒரு பலகையப் புடிச்சேன். அவன் என்ன ஆனான்னு சத்தியமா தெரியலம்மா."

அவள் கையில் இருந்த நாடாவை அவனுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டாள்.

இப்படியே ஐந்து வருடம். ஒரு வசந்த காலத்தில், உப்புமீன் வியாபாரி ஒருவன் எழுத்துக் கீறிச் சுருட்டிய ஈயத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வழக்கமாக இரைந்து பேசும் மிக்கோன் அதைப் பிரித்து, அன்று தாழ்ந்த குரலில் படித்தான்:

"சந்தையில், செருப்புக்கடைக்கு எதிரே, மல்தாகேவுக்கு. தெமியாஸ் சொல்லி எழுதுவது. பிடிபட்டு அடிமையாக இருந்தேன், இப்போது விட்டுவிட்டார்கள். ஒரு கால் இல்லை. நீ இன்னொருவன் வீட்டில் இருந்தால் பதில் வேண்டாம், நான் வரமாட்டேன். இல்லையென்றால் இந்த மீன்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு."